பழைய பெயரில் தேடுங்கள்

எங்கள் ஊரின் பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். தமிழில் ஸ்ரீ கெம்பாங்கான், செரி கெம்பாங்கான், ஸ்ரீகெம்பங்கான். ரோமன் எழுத்தில் பழைய கடைப் பலகைகளில் ‘ஸ்ரீ’ ஒரு மாதிரி, இன்றைய அரசாங்கப் பலகைகளில் ‘செரி’ இன்னொரு மாதிரி. அதற்கும் முன்னால் இது செர்டாங் பாரு. அவசரகாலத்தில் அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களில் ஒன்று என்பதால் ஆங்கிலப் பதிவுகளில் செர்டாங் புதுக்கிராமம் என்றும் இருக்கும். எண்ணி முடித்தபோது ஏழெட்டுப் பெயர்கள் தாளில் இருந்தன. ஊர் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு எதற்கென்றால், என் மகளுக்குப் பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்கு உள்ளூரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிடம் கைப்பேசியைத் தடவிவிட்டு, “கூகுள்ல ஒன்னும் இல்லப்பா” என்றாள். இந்த வாக்கியத்தை நாம் எல்லா வீட்டிலும் கேட்கிறோம். ஆனால் அவள் தேடியது இன்றைய பெயரை மட்டும். கூகுளாவது ‘ஸ்ரீ’யும் ‘செரி’யும் ஒன்றுதான் என்று ஓரளவு ஊகித்துக்கொள்ளும். பழைய பத்திரிகைகளை வைத்திருக்கும் காப்பகத் தளங்கள் அப்படி ஊகிப்பதில்லை. நீங்கள் அடித்த எழுத்து அங்கே இருந்தால்தான் காட்டும்.

தேடுபொறியிடம் நாம் கேள்வி கேட்பதாக நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. எப்போதோ எவரோ எழுதி வைத்த ஒரு பக்கத்தில் இருக்கும் சொற்களோடு நம் சொற்களைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எனக்கு என்ன தெரிய வேண்டும்’ என்பதல்ல. ‘இதை எழுதியவர் எந்தச் சொல்லில் எழுதியிருப்பார்’ என்பதுதான். எழுதியவர் 1930-களில் வாழ்ந்த வெள்ளைக்கார அதிகாரியாக இருந்தால் அவருடைய சொல் ஒன்று. சென்னையிலோ டில்லியிலோ உட்கார்ந்திருந்த குமாஸ்தாவாக இருந்தால் வேறொன்று. நம் தோட்டத்துக் கிராணியாக இருந்தால் இன்னொன்று.

அன்றிலிருந்து ஞாயிறு பசியாறிய பிறகு ஒரு மணி நேரம், ஒரே ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டோம். மகள், சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், கீழ்மாடியில் இருக்கும் கணக்காளர் பெண், நான். விளையாட்டு மாதிரித்தான். இப்படிப் பயிற்சி செய்வது நாங்கள் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. கூகுளில் ஆராய்ச்சியாளராக இருந்த டேன் ரஸ்ஸல் என்பவர் 2010 முதல் தொடர்ந்து தேடல் புதிர்களை வெளியிட்டு, மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதைக் கவனித்து, 2019-இல் ‘தி ஜாய் ஆஃப் சர்ச்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவருடைய புதிர்கள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சுற்றி. நம் வீட்டுக்கு நம் ஊர்க் கேள்விகளே போதும்.

முதல் கேள்வி, மைன்ஸ் பேரங்காடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி எப்படி வந்தது என்பது. நேராகத் தேடினால் தங்கும் விடுதி, படகுச் சவாரி, தள்ளுபடி விற்பனை. தேவையில்லாத ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகிவிடும். பிறகு ‘ஈயச் சுரங்கம்’ என்பதன் ஆங்கிலச் சொல்லையும் சுங்கை பீசியையும் சேர்த்தோம். அப்போது வந்தது ‘ஹோங் ஃபாட்’ என்ற பெயர். உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாகப் பேசப்பட்ட இடம் அது. மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்றதுதான் இன்றைய ஏரி. சுரங்கத்தின் பெயர் கிடைத்ததும் மீதி எல்லாம் தானாக வந்தது. சரியான பெயர்ச்சொல் ஒன்று கையில் சிக்கும்வரைதான் சிரமம்.

இன்னொரு வாரம் புத்ராஜெயா. அந்தப் பெயரில் தேடினால் 1990-களுக்கு முன்னால் எதுவும் கிடையாது, ஏனென்றால் அந்தப் பெயரே அப்போதுதான் வந்தது. பெரியவர்களைக் கேட்டால் பிராங் புசார் தோட்டம் என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் சிலர் 1921-இல் தொடங்கிய ரப்பர் தோட்டம், அதனால்தான் மலாயில் ‘பெரும் போர்’ என்று பெயர். பக்கத்தில் கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி. இந்த நான்கு தோட்டத்துக் குடும்பங்களும் டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்கு மாற்றப்பட்டன. தோட்டங்களின் பெயரைத் தனித்தனியாகத் தேடினால் அங்கே வாழ்ந்தவர்களின் கதை வருகிறது. நகரத்தின் பெயரைத் தேடினால் கட்டடங்களின் கதை வருகிறது.

நம் நாட்டில் இந்தப் பெயர் மாற்றம் ஒரு பெரிய விஷயம் என்பதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. 1972-இல் மலாய் மொழியின் ரூமி எழுத்துக்கூட்டல் திருத்தப்பட்டது. அதன் பிறகு ‘சுங்கை’யின் கடைசியில் இருந்த ‘ஈ-ஐ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ‘ஏ-ஐ’ ஆயின. உலு லங்காட்டின் முன்னால் ஓர் ‘எச்’ வந்து உட்கார்ந்தது. ‘தெலுக்’கில் ‘ஓ’ போய் ‘யூ’ வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் அதே 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. பத்து ரோடு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன். உங்கள் தாத்தா போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். போர்ட் கிள்ளானில் அவரைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். நாகப்பட்டினம் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘நெகபட்டாம்’, தஞ்சாவூர் ‘டான்ஜோர்’, திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினோபொலி’. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளில் நம்மவர்களைக் குறிக்க ‘கிளிங்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று அது வசைச்சொல். பிள்ளைகள் முன்னால் அதைத் தட்டச்சு செய்ய எனக்கே கை கூசியது. ஆனால் அந்தச் சொல்லை அடிக்காமல் அந்தக் காலத்து ஆவணத்துக்குள் நுழைய முடியாது. ஏன் அடிக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு அடித்தோம்.

தொழில்நுட்பம் என்று சொல்லப்போனால் நான்கு விஷயங்கள்தான், பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே வரிசையில் இருப்பது மட்டும் வரும். கழித்தல் குறியை மேலே சொன்னேன். ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி இல்லாமல் ஒரு தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். ஆண்டு வரம்பு வைக்கும் வசதி தேடல் பக்கத்திலேயே இருக்கிறது. மூடிப்போன தளங்களுக்கு ‘இண்டர்நெட் ஆர்கைவ்’ நடத்தும் வேபேக் மெஷின், கூகுள் தன்னிடம் வைத்திருந்த பழைய பக்கப் பிரதிகளைக் காட்டுவதை 2024-இல் நிறுத்திவிட்ட பிறகு இதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இவற்றைத் தெரிந்தவர்கள் நிறைய பேர். எந்தச் சொல்லை மேற்கோளுக்குள் போடுவது என்பதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

அதை எங்களுக்கு உண்மையிலேயே கற்றுக்கொடுத்தது கீழ்மாடிப் பாட்டி. அந்தக் கணக்காளர் பெண்ணின் பாட்டிதான். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவைப் பார்த்ததே இல்லை. பால் வெட்டி வளர்த்த அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் மற்றவர்கள் சொன்னதெல்லாம் “உங்கப்பன் ஊருக்கு ஓடிட்டான்” என்பதுதான். அப்படிச் சொல்லித்தான் எண்பது வருடமும் போனது. ஆனால் ஒரு கல்யாண வீட்டில் ஒரு கிழவர் வேறு மாதிரிச் சொன்னாராம்: “உங்கப்பன் சைக்கிள் சண்டையில போனவன்.” பாட்டிக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது. என்ன சண்டை என்று கேட்கத் துணிச்சல் இல்லை. கிழவரும் அடுத்த வருடம் போய்விட்டார்.

“அங்கிள், இதைத் தேட முடியுமா?” என்று பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். மற்ற வாரங்களைப் போல யாரும் சிரித்துக்கொண்டே உட்காரவில்லை.

‘சைக்கிள் சண்டை’ என்று தமிழில் தேடினால் சிறுவர்கள் சைக்கிளுக்காக அடித்துக்கொள்ளும் காணொளிகள். ‘கிள்ளான் 1941’ என்றால் ஒரே நான்கு பத்தி, பத்துப் பக்கங்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல. அப்போது தம்பி மகன் சொன்னான்: “சண்டைன்னு தோட்டத்துக்காரங்க சொல்லியிருப்பாங்க. எழுதினவன் துரை. அவன் என்னான்னு எழுதியிருப்பான்?” வேலைநிறுத்தம், கலவரம், குழப்பம் என்று அதற்கான ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதினோம். தொழிலாளி என்பதற்கு ‘லேபரர்’, ‘கூலி’ இரண்டும். இடத்துக்குக் கிள்ளான், சிலாங்கூர், ‘எஸ்டேட்’. இவை எல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருக்கும் சாதாரணச் சொற்கள். இவற்றோடு ‘சைக்கிள்’ என்பதன் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்ததும் கதை மாறிவிட்டது. தோட்டத் தகராறு பற்றிய பக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை? அபூர்வமாக வரும் சொல்தான் நல்ல தூண்டில்.

வந்தது, 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியல். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, உறவினர் வந்து போகத் தடை இல்லாமை, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. இவற்றோடு ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும். அதுவரை இறங்கி, ஓரமாக நின்று, அவர் போன பிறகுதான் ஏற வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். காசு சேர்த்துச் சைக்கிள் வாங்கியவனுக்கு அந்த அவமானம் தினமும் நடந்திருக்கும். கூலியை மறந்து, கள்ளுக்கடையை மறந்து, தோட்டத்து நினைவில் ‘சைக்கிள்’ மட்டும் நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பேத்தி அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டியபோது பாட்டி, “அப்ப அது நெசம்தானா” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரும் தமிழ் நேசனில் பணியாற்றியவருமான ஆர்.எச். நாதன் என்று பெயர்கள் கிடைத்தன. அவர் 1941 மே மாதத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் பரவியது. மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை. இந்தியப் படையினரை இறக்கினார்கள். குறைந்தது ஐவர் உயிரிழந்தனர், முந்நூறுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். 21 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். 95 பேர் ‘தாமாக விரும்பி’ இந்தியா திரும்ப ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

இவ்வளவும் தெரிந்ததற்கு வழி காட்டியவை இரண்டு. ஒன்று, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் நடத்தும் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளம். ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் போன்ற ஏடுகளின் பழைய பக்கங்கள் அதில் உண்டு. அந்தக் காலத்தில் கோலாலம்பூரும் கிள்ளானும் அந்த ஏடுகளுக்கு உள்ளூர்ச் செய்திதான். நம் ஊர்க் கதை சிங்கப்பூர் நூலகத்தில் கிடைக்கும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. இன்னொன்று, வரலாற்றாசிரியர் மைக்கேல் ஸ்டென்சன் மேற்கு மலேசிய இந்தியர்களைப் பற்றி 1980-இல் வெளியிட்ட நூல். அந்த மாதிரி ஆய்வு நூல்களில் பக்கத்தின் அடியில் இருக்கும் சின்ன எழுத்துக் குறிப்புகளை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அவைதான் வரைபடம். எந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில், எந்தத் தொகுப்பில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். மலாய் கூட்டு மாநிலங்கள் பற்றிய காலனி அலுவலகக் கடிதங்கள் லண்டன் கியூவில் ‘சிஓ 717’ என்ற தொகுப்பில் இருக்கின்றன என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. ஒரு கோப்பு எண் கையில் இருப்பது நூறு தேடலுக்குச் சமம்.

இந்த ஒரே சம்பவத்துக்கு மூன்று இடத்தில் மூன்று முகம் என்பதையும் பிள்ளைகள் கவனித்தார்கள். லண்டன் காகிதத்தில் அது ஒழுங்கு குலைந்த விவகாரம். பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகள் 1803 முதல் இணையத்தில் இருக்கின்றன, அங்கே தேட ‘மலாயா’வும் ‘தொழில் தகராறு’ம் வேண்டும். டில்லியில் அது ‘கடல்கடந்த இந்தியர்’ விவகாரம். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் தேடும்போது கல்வி, சுகாதாரம், நிலம் என்ற துறைப் பெயரைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக்குப் போன கூலிகளைப் பற்றிய கோப்புகளை ஒரு காலத்தில் கவனித்தது அந்தத் துறை. இதை யாராலும் ஊகிக்க முடியாது. ஒரு கோப்பைத் திறந்து, அதன் தலைப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதே நடையில் அடுத்ததைத் தேட வேண்டும். தமிழில் என்ன எழுதினார்கள் என்று பார்க்கத் தமிழ் முரசின் பழைய இதழ்கள் அந்தச் சிங்கப்பூர்த் தளத்திலேயே உண்டு. ஆனால் பழைய தமிழ் அச்சை இயந்திரம் படிப்பது இன்னும் தடுமாற்றம்தான். தேதியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கண்ணால் புரட்டுவதே நல்லது.

ஆங்கில அச்சிலும் இயந்திரம் தடுமாறும். மங்கிய தாளில் ‘எம்’ எழுத்தை ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டாகப் படிக்கும். முருகன் அங்கே முருகனாக இருக்க மாட்டார். அதற்கு மேல் நம் பெயர்களை எழுதியவர்கள் கேட்டபடி எழுதியவர்கள். ஒரே வேலாயுதம் ‘டி’ போட்டு ஒருவர், ‘டிஎச்’ போட்டு ஒருவர், ‘வி’க்குப் பதில் ‘டபிள்யூ’ போட்டு ஒருவர். பாட்டியின் அப்பா பெயரை நாங்கள் பதினொரு விதமாக எழுதினோம். இரண்டு விதம் பேத்திக்குத் தோன்றியது, மீதியைப் பாட்டியே உச்சரித்துக் காட்டினார், “அந்தக் கிராணி மலையாளத்தான், அவன் இப்படித்தான் கூப்பிடுவான்” என்று. கணினியிடம் போகுமுன் வீட்டில் உள்ள பெரியவரிடம் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது மரியாதைக்காக இல்லை. தேடுவதற்கான சொல் அவர்களிடம்தான் இருக்கிறது. புலனக் குழுவில் “யாருக்காவது தெரியுமா” என்று ஒரு வரி தட்டிவிடுவதைவிட, பாட்டி பக்கத்தில் அரை மணி நேரம் பேனாவோடு உட்கார்வது அதிகம் தரும்.

பதினொரு விதத்தில் தேடியும் அவர் பெயர் எங்கும் வரவில்லை.

ஆனால் நாள்காட்டி ஒன்று சொன்னது. கைதும் நாடு கடத்தலும் 1941 மே மாதத்தை ஒட்டி. அதே ஆண்டு டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அதன் பிறகு இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே வழக்கமான கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை, 1945 வரை. அந்தச் சில மாதங்களுக்குள் திரும்ப முடியாமல் போன எவருக்கும் நான்கு வருடம் கதவு அடைபட்டிருந்தது. பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவரா என்பதற்கு இதில் சான்று இல்லை. ‘ஓடிட்டான்’ என்ற ஒரே சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு சாத்தியம் கிடைத்தது, அவ்வளவுதான். தேதிகளை அடுக்கிப் பார்ப்பதும் தேடலில் ஒரு பகுதி என்பேன். தாத்தா 1922-இல் ரஜூலா கப்பலில் வந்தார் என்று ஒரு நண்பர் வீட்டில் சொல்வார்கள். ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல். ஆண்டு தவறு, அல்லது கப்பல் தவறு. எது என்று கண்டுபிடிக்கும் வேலையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது இறங்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இளையவர்கள் முதலில் அங்கேதான் போகிறார்கள். தம்பி மகன் ஒன்றிடம் கேட்டான். அது தோட்டத்தின் பெயர், தேதி, இறந்தவர்களின் பெயர் எல்லாம் அழகாக அடுக்கியது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டதற்கு ஒரு நூலின் பெயரைத் தந்தது. அப்படி ஒரு நூலை எந்த நூலகப் பட்டியலிலும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டியிடம் அந்தப் பட்டியலைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. அதற்காகச் செயலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. “1941-இல் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வேலைநிறுத்தத்தை எந்தெந்தச் சொற்களால் குறிப்பிட்டிருப்பார்?” என்று கேளுங்கள், நல்ல பட்டியல் தரும். பதிலை அதனிடம் வாங்காதீர்கள், சொற்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை அவர் சயாமுக்குப் போய்விட்டாரோ என்ற எண்ணமும் வீட்டில் இருந்தது. மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர். பேத்தி காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினாள். அங்கே காஞ்சனபுரியில் அடக்கம் செய்யப்பட்ட படைவீரர்களின் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, கல்லறை எண்வரை இருக்கிறது. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் அங்கே இல்லை. எவரும் எழுதி வைத்தால்தானே இருக்கும்? எழுதியது கண்ணுக்குப் படாமல் இருப்பது ஒரு ‘இல்லை’. எழுதப்படாமலே போனது வேறொரு ‘இல்லை’. முதலாவதற்குச் சொல்லை மாற்றித் தேடலாம். இரண்டாவதற்கு வேறு வழி பார்க்க வேண்டும், வாய்மொழியாகச் சொன்னவர்களின் பதிவு, அந்தப் பாதையைப் பற்றி அ. ரெங்கசாமியும் ஆர். சண்முகமும் எழுதிய நாவல்கள், இப்படி. எந்த ‘இல்லை’ என்று தெரியாமல் மாதக்கணக்கில் தேடிச் சோர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

பாட்டியின் விஷயத்தில் இன்னும் முதல் வகையில்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன். நாடு கடத்தல் என்பது காகிதம் இல்லாமல் நடக்காத காரியம். உத்தரவு, கையெழுத்து, கப்பல் செலவுக் கணக்கு என்று எங்காவது ஒரு கோப்பு இருக்க வேண்டும். ‘தாமாக விரும்பி’ என்ற சொல்லைத்தான் பாட்டி பிடித்துக்கொண்டிருக்கிறார். “விரும்பித்தான் போனாரா தம்பி? கைக்குழந்தைக்காரிய விட்டுட்டா?” என்று என்னை இரண்டு முறை கேட்டுவிட்டார். அவசரநிலை, சிறை, படை இவற்றின் நடுவே ஒருவர் ஒப்புக்கொண்டதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று ஆவணம் சொல்லாது. ஆனால் அந்த 95 பேரில் அவர் பெயர் இருக்கிறதா, 21 பேரில் இருக்கிறதா, இரண்டிலும் இல்லையா என்பதை ஆவணம் சொல்லக்கூடும். பாட்டிக்கு இதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

இணையத்தில் செய்யக்கூடியது இதுவரைதான். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் இணையப் பட்டியலில் ‘கூலி’, ‘தமிழ் லேபரர்’, ‘கிள்ளான்’, 1941 என்று பழைய ஆங்கிலச் சொற்களில் தேடி, பொருத்தமாகத் தெரிந்த கோப்புகளின் எண்களைப் பேத்தி ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். பட்டியலில் தலைப்பு மட்டும்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் தேசியப் பதிவு இலாகாவில் பாட்டியின் பிறப்புப் பத்திரத்தின் நகல். அப்பா பெயரை அந்தக் கிராணி எப்படி எழுதினான் என்பது அதில் தெரிந்தால் பதினொன்று ஒன்றாகக் குறையும்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்திருக்கிறாள். செர்டாங் ராயாவிலிருந்து எம்ஆர்டியில் போய், பிறகு வாடகைக் கார் பிடிப்பதாகத் திட்டம். ஆவணக் காப்பகம் இருக்கும் சாலைக்கு 2014 முதல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் என்று பெயர். கார் ஓட்டுநர் வயதானவராக இருந்தால் ஜாலான் டூத்தா என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.